ஸ்டென்ட் வைத்தாயிற்று, மாத்திரை வேலை செய்கிறதா?

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் மாலை நேரத்தில் சற்று நின்றால் போதும், குளோபிடோகிரெல் கைமாறுவதைப் பார்க்கலாம். பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. "ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரைப்பா, அட்டை தீர்ந்துபோச்சு" என்று பழைய அட்டையை நீட்டுவார்கள். கடைக்காரர் அதைப் பார்த்துப் புதிய அட்டையை எடுத்து வைப்பார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ஒருமுறை பக்கவாதம் வந்து தேறியவர்கள், கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் எனப் பலரும் வாங்கும் மாத்திரை அது. அவர்களுக்கு நடுவே, மூளைக்குள் ஓடும் தமனியிலேயே ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இன்று புதுமை இல்லை.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த மாத்திரை முழுதாக வேலை செய்வதில்லை. ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினாலும் வேலை செய்வதில்லை. தமிழர்களிடம் இது அபூர்வமும் இல்லை. இதைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தெரிந்த பின் மாற்று மருந்தும் இருக்கிறது. இருந்தும், நோயாளியின் குடும்பத்தில் பலருக்கு இப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே தெரியாது.

மூளைத் தமனியில் ஸ்டென்ட் வைப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். கொழுப்பு படிந்து குழாய் சுருங்கியிருந்தால் அதை விரித்துப் பிடிக்க வைக்கிறார்கள். குழாயின் சுவர் பலூன் போலப் புடைத்திருந்தால், அந்தப் புடைப்புக்குள் ரத்தம் பாயாமல் திருப்பிவிட மிக நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய் வைக்கிறார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழலை மேலே செலுத்தி, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இடத்தில் அந்த உலோக வலையை விரிக்கிறார்கள். மண்டையைத் திறக்காமல் செய்யப்படும் இந்த வேலையின் நுணுக்கம் வியக்க வைப்பது.

ஆனால் ரத்தத்துக்கு உலோகம் அந்நியப் பொருள். குழாயின் உள்சுவர் சேதமடைந்தால் எப்படி அங்கே ஓடிப்போய் அடைக்கின்றனவோ, அப்படியே இந்த வலையின் மீதும் ரத்தத்தட்டுகள் ஒட்டத் தொடங்குகின்றன. ரத்தத்தட்டு என்றால் யோசிப்பவர்கள்கூட பிளேட்லெட் என்றால் புரிந்துகொள்வார்கள். மழைக்காலத்துக்கு மழைக்காலம் டெங்கு வந்து சென்னைவாசிகள் அனைவருக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும், குறைந்தால் ஆபத்து என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஸ்டென்ட் விஷயத்தில் எண்ணிக்கையைவிட அவற்றின் சுபாவம்தான் முக்கியம். ஒன்றோடொன்று எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்பதே கேள்வி. உலோக வலையின் மேல் உடலே ஒரு மெல்லிய உயிரணுப் படலத்தை வளர்த்து மூடிவிடும். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை தட்டுகளை அடக்கிவைக்க வேண்டும்.

அடக்குவதற்கு இரண்டு மாத்திரைகள் தருகிறார்கள். ஒன்று ஆஸ்பிரின். தட்டுகள் மற்றத் தட்டுகளை அழைக்க வெளிவிடும் திராம்பாக்சேன் என்ற வேதிப்பொருள் உருவாகாமல் அது தடுக்கிறது. இன்னொரு அழைப்பும் உண்டு; அதற்கு ஏடிபி என்று பெயர். தட்டின் மேற்பரப்பில் பி2ஒய்12 என்ற ஏற்பியில் போய் ஏடிபி அமர்ந்தால் தட்டு விழித்துக்கொள்ளும். அந்த ஏற்பியை அடைத்துவிடுவது குளோபிடோகிரெலின் வேலை. ஒருமுறை அடைபட்ட தட்டு அதன் ஆயுள் முடியும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், மறுபடி விழிக்காது. வழக்கமாக மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை இரண்டும், பிறகு நெடுங்காலத்துக்கு ஒன்றும் எடுக்கச் சொல்வார்கள்.

இதய ஸ்டென்ட்டுக்கும் இதே மாத்திரைகள்தான். ஆனாலும் மூளையின் கணக்கு வேறு. ஒரு பெரிய மூளைத் தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. பெரிய குழாயிலிருந்து தலைமுடியைப் போலப் பிரியும் நுண்கிளைகளில் ஒன்று அடைந்தால்கூட ஒரு கை, ஒரு கால், பேச்சு போய்விடலாம். மறுபக்க ஆபத்தும் இங்கே அதிகம். மூளைத் தமனியின் சுவர் உடலின் மற்றத் தமனிச் சுவர்களைவிட மெல்லியது. தட்டுகளை அளவுக்கு மீறி அடக்கினால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். மண்டையோட்டுக்குள் அந்த ரத்தத்துக்குப் போக்கிடம் கிடையாது. ஆகவே மருந்து குறைவாக வேலை செய்தாலும் கேடு, கூடுதலாக வேலை செய்தாலும் கேடு.

எவ்வளவு கடினமான இடம் இது என்பதை அமெரிக்காவில் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வு உலகுக்குக் காட்டியது. மூளைத் தமனி கடுமையாகச் சுருங்கிய 451 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்குத் தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும். 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 5.8 விழுக்காடு. ஆய்வைப் பாதியில் நிறுத்தி 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குப் பின், மருந்து கொடுத்தும் மீண்டும் மீண்டும் பக்கவாதம் வருபவர்களுக்கே சுருக்கத்துக்கான ஸ்டென்ட் என்பது பொது வழக்கமானது. ஸ்டென்ட் பிரிவின் எல்லாக் கேட்டுக்கும் மாத்திரை வேலை செய்யாததே காரணம் என்று சொல்ல முடியாது. நுண்கிளைகள் நசுங்கி அடைபட்டதும் ரத்தக்கசிவும் அதில் அடக்கம். ஆனால் தவறு செய்ய இடமே இல்லாத இந்தச் சிகிச்சையில், கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய ஒரு குறையை விட்டுவைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் குறைக்கு வருவோம். ஆஸ்பிரின் விழுங்கியவுடன் நேராக வேலை செய்யும் மருந்து. குளோபிடோகிரெல் அப்படி இல்லை. அட்டையில் இருப்பது நெல். அரிசியாக அரைத்துத் தரும் ஆலை நம் கல்லீரலில் இருக்கிறது. உள்ளே போகும் மருந்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை ஒரு நொதி வீணாக்கி வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய 15 விழுக்காடுதான் இரண்டு படிகளில் மாற்றப்பட்டு, ஏற்பியை அடைக்கும் வடிவத்தைப் பெறுகிறது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு சிப்2சி19 என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நொதிக்கு. அந்த நொதியைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகள் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிரதிகளில் ஒன்று பழுதானால் மருந்தின் வேலை குறைகிறது. இரண்டுமே பழுதானால் மருந்து பெருமளவு வீண்.

பழுதான பிரதி நம்மிடம் எவ்வளவு? புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் மருத்துவர் சி. ஆதித்தனும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். நூறுக்குச் சற்று மேற்பட்ட தமிழர்களின் மரபணுவைப் பார்த்ததில், இரண்டாம் வகை எனப்படும் பழுதான பிரதி ஏறக்குறைய 38 விழுக்காடு. மூன்றாம் வகை இரண்டு விழுக்காட்டை ஒட்டி. ஐரோப்பியரிடம் இரண்டாம் வகை சுமார் 15 விழுக்காடுதான். இந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், தமிழர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் குறைந்தது ஒரு பழுதான பிரதியைச் சுமக்கிறார்கள். ஆறேழு பேரில் ஒருவருக்கு இரண்டும் பழுது. சிறிய ஆய்வுதான். ஆனால் தெற்காசியாவின் மற்ற ஆய்வுகளும் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. கிழக்கு ஆசியர்களிடமும் இப்படியே. மூளைக்குள்ளேயே தமனி சுருங்கி வரும் பக்கவாதம் ஐரோப்பியரைவிட ஆசியரிடம் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எந்த மக்களுக்கு இந்த மருந்து அதிகம் தேவையோ, அதே மக்களிடம்தான் அது அதிகம் தோற்கிறது.

இது ஆய்வுக்கூடத்து விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. 1997இல் குளோபிடோகிரெலுக்கு அனுமதி அளித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2010 மார்ச்சில் அதன் உறையில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மருந்தின் பலன் குறையும், சோதனை உண்டு, மாற்று மருந்தை யோசியுங்கள் என்பதே அதன் சாரம். ஆசிய வம்சாவளியினரும் பசிபிக் தீவினரும் நிறைந்த ஹவாய் மாநிலம் இத்தோடு விடவில்லை. எங்கள் மக்களில் பலருக்கு வேலை செய்யாது என்பதை மறைத்து விற்றீர்கள் என்று மருந்து நிறுவனங்கள் மீது 2014இல் வழக்குத் தொடுத்தது. முதல் தீர்ப்பு மேல்நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, மறுவிசாரணை நடந்து, 2024இல் 91 கோடி டாலருக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயின. சட்டத்தின் முடிவு எதுவாயினும், ஒரு மாநிலம் தன் மக்களின் உடலமைப்பை முன்வைத்து இப்படிக் கேட்டது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மிடமும் அதே மரபணு இருக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் உரக்க எழவில்லை.

அதே வேளையில் எல்லாப் பழியையும் மரபணு மீது போட்டுவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தங்களுக்குள்ளேயே மணம் செய்து வாழும் ஆமிஷ் சமூகத்தாரில் 429 பேரை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குளோபிடோகிரெல் ஆளுக்கு ஆள் வேறுபட்டு வேலை செய்வதில் இரண்டாம் வகைப் பிரதியின் பங்கு 12 விழுக்காடே என்றது அது. மீதி எங்கிருந்து வருகிறது? சர்க்கரை நோய் உள்ளவர்களின் ரத்தத்தட்டுகள் இயல்பாகவே துடிப்பு மிக்கவை. உடல் அவற்றை வேகமாகப் புதுப்பிக்கவும் செய்கிறது. உடல் பருமன், முதுமை, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் சேரும். ஆஸ்பிரினுக்கும் இதே கதை உண்டு. மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டு, அதற்குப் பின் ஆஸ்பிரின் விழுங்கினால், ஆஸ்பிரின் போய் அமர வேண்டிய இடத்தில் ஐபுபுரூஃபென் முன்பே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத ஒன்று: கேஸ் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அதே சிப்2சி19 நொதியைத்தான் மறிக்கின்றன. குளோபிடோகிரெலோடு இவற்றைச் சேர்க்காதீர்கள் என்று அமெரிக்க அமைப்பு 2009இலேயே சொல்லிவிட்டது. அமிலத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பேன்டாப்ரசோல் போன்ற குறைவாக மறிக்கும் மருந்துகள் உண்டு. மருத்துவர் கவனமாக எழுதிக்கொடுத்தாலும், "நெஞ்சு எரியுதுப்பா, ஒரு கேஸ் மாத்திரை குடு" என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் அந்தக் கவனத்தைக் கெடுத்துவிடும். கொட்டிவாக்கத்தில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுவதும் இதுதான் நடப்பு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மாத்திரையை நிறுத்திவிடுவது. பல் பிடுங்கப் போகும்போது ரத்தம் நிற்காதே என்று தாமாகவே நாலு நாள் நிறுத்துபவர்கள் உண்டு. ஊருக்குப் போன இடத்தில் அட்டையை மறந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு மாத்திரையைத் தாமே கழித்துவிடுபவர்களும் உண்டு. மாத்திரை வேலை செய்யவில்லை என்று மருத்துவர் முடிவுக்கு வருமுன் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கோபப்படாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதன் அடிப்படை முறையைத் தந்தவர் குஸ்தாவ் போர்ன். 1962இல் அவர் வெளியிட்ட வழி மிக எளியது. தட்டுகள் நிறைந்த ரத்தநீர் கலங்கலாக இருக்கும். அதில் ஏடிபியைச் சேர்த்தால் தட்டுகள் ஒன்றாகத் திரண்டு, கலங்கல் தெளிந்து, ஒளி அதிகம் ஊடுருவும். எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்தால் தட்டுகளின் ஒட்டும் குணம் தெரிந்துவிடும். இந்த குஸ்தாவின் தந்தைதான் இயற்பியல் மேதை மாக்ஸ் போர்ன். 1935-36இல் நம் சி.வி. ராமனின் அழைப்பில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சில மாதங்கள் பணியாற்றியவர் அவர். ஒளியை வைத்து நோபல் பரிசு பெற்றவரின் விருந்தினராக வந்தவருடைய மகன், கால் நூற்றாண்டு கழித்து ஒளியை வைத்தே ரத்தத்தை அளந்தார் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இன்று அதே கொள்கையில் இயங்கும் சிறு கருவிகள் உண்டு. ஒரு சிறு குழாய் ரத்தத்தை வைத்தால் சில நிமிடங்களில் ஓர் எண்ணைக் காட்டும். எண் பெரிதானால் தட்டுகள் இன்னும் துடிப்பாக இருக்கின்றன, மருந்து போதவில்லை என்று பொருள். மிகச் சிறிதானால் ரத்தக்கசிவு அபாயம். ரத்தத்தைத் திருப்பிவிடும் வலைக்குழாய் வைத்தவர்களில் அந்த எண் 60க்கும் 240க்கும் இடையே இருந்தவர்களுக்குச் சிக்கல் குறைவு என்று 2013இல் ஓர் அமெரிக்கக் குழு கண்டது. மற்ற மையங்கள் வேறு எல்லைகளை வைத்துக்கொள்கின்றன. மரபணுச் சோதனை இன்னொரு வகை. ரத்தத்திலோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சிலோ செய்யலாம். கருவிச் சோதனை இன்றைய நிலையைச் சொல்கிறது. மரபணுச் சோதனை பிறவி நிலையைச் சொல்கிறது.

இந்தச் சோதனைகளை எல்லா மருத்துவர்களும் ஏற்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தயங்குபவர்களுக்குக் காரணம் இருக்கிறது. இதய ஸ்டென்ட் நோயாளிகளை வைத்து நடந்த கிராவிடாஸ் ஆய்விலும், பிரான்சின் ஆர்க்டிக் ஆய்விலும், கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டி மாற்றியவர்களுக்குத் தனி நன்மை எதுவும் கிடைக்கவில்லை. கிராவிடாஸில் செய்தது குளோபிடோகிரெலின் அளவை இரட்டிப்பாக்கியது. ஆலையே ஓடாத இடத்தில் நெல்லை இரண்டு மூட்டையாக்கி என்ன பயன்? மூளை ஸ்டென்ட்டைப் பொறுத்தவரை இப்படிப்பட்ட பெரிய ஒப்பீட்டு ஆய்வை ஆதாரமாகக் காட்ட முடியாத நிலை. ஆனால் இதயத்தின் முடிவை அப்படியே மூளைக்குப் பொருத்துவது சரியில்லை. அங்கே சற்று அடைந்தால் நெஞ்சுவலி வந்து எச்சரிக்கும். இங்கே எச்சரிக்கையே பெரும்பாலும் பக்கவாதமாகத்தான் வரும்.

வலுவான ஆதாரம் சீனாவிலிருந்து வந்தது. லேசான பக்கவாதம் அல்லது சற்று நேரத்தில் சரியாகிவிட்ட பக்கவாத அறிகுறி வந்தவர்களில், பழுதான பிரதி இருப்பதை உடனடி மரபணுச் சோதனையால் உறுதிசெய்த 6,412 பேரை எடுத்துக்கொண்டது சான்ஸ்-2 ஆய்வு. பாதிப் பேருக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல், மற்றப் பாதிக்கு ஆஸ்பிரினோடு டிகாகிரெலார். டிகாகிரெலாருக்குக் கல்லீரலின் தயவு வேண்டாம். நேராகப் போய் ஏற்பியை அடைக்கும். 90 நாளில் புதிய பக்கவாதம் குளோபிடோகிரெல் பிரிவில் 7.6 விழுக்காடு, டிகாகிரெலார் பிரிவில் 6.0 விழுக்காடு. கடுமையான அல்லது நடுத்தர ரத்தக்கசிவு இரண்டிலும் 0.3 விழுக்காடு. லேசான கசிவுகளையும் சேர்த்தால் 2.5க்கு எதிராக 5.3. முடிவு 2021இல் வெளியானது. இவர்கள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் மூளைத் தமனியும் அந்த மரபணுவும் சந்திக்கும் இடத்தில் கிடைத்த மிகப் பெரிய சான்று இது.

டிகாகிரெலாரும் குறையில்லாதது இல்லை. நாளுக்கு இருவேளை போட வேண்டும். அதன் பிடி தற்காலிகமானது என்பதால் ஒருவேளை தவறினாலே பாதுகாப்பு தளரும். சிலருக்கு மூச்சுத் திணறல் வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். பிராசுகிரெல் என்ற இன்னொரு மருந்து வலிமையானது, சிப்2சி19ஐ அவ்வளவாக நம்பியிராதது. ஆனால் முன்பே பக்கவாதம் வந்தவர்களுக்கு அது நன்மையைவிடத் தீங்கே செய்கிறது என்று 2007இல் தெரியவந்ததால், அவர்களுக்குக் கூடாது என்பது விதி. பக்கவாதமே வராத, புடைப்புக்காக மட்டும் வலைக்குழாய் வைத்துக்கொள்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் குறைந்த அளவில் தருகிறார்கள். இந்தத் தேர்வு முழுக்க மருத்துவருடையது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக மாற்றிவிடக் கூடாது, நிறுத்திவிடவே கூடாது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2024 ஜூலையில், பக்கவாதத்துக்குப் பின் குளோபிடோகிரெல் தொடங்கும் நிலையில் இந்த மரபணுச் சோதனையைச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அங்கே பழுதான பிரதிகள் நம்மைவிடக் குறைவு. நமக்கு இன்னும் அதிகக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை குளோபிடோகிரெல் போய்ச் சேர்ந்திருப்பது பெரிய சாதனை. மாரடைப்பின் முதல் மணிநேரத்தில் அதை யோசிக்காமல் கொடுக்கத்தான் வேண்டும். அங்கே சோதனைக்கு நேரமில்லை. ஆனால் முன்கூட்டித் திட்டமிட்டு வைக்கும் மூளை ஸ்டென்ட்டில் நேரம் இருக்கிறது. வழக்கமாக ஒரு வாரத்துக்கு முன்பே மாத்திரையைத் தொடங்குகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்குள் மரபணுவையும் பார்க்கலாம், தட்டுகள் அடங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். ஸ்டென்ட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. அரசுக் காப்பீட்டிலும் தனியார் காப்பீட்டிலும் ஸ்டென்ட்டின் செலவோடு இந்தச் சோதனையின் செலவும் சேர்ந்தே கணக்கிடப்பட வேண்டும். ஜிப்மர் அன்று செய்ததைப் போல, மூளை ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நம் மக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வும் சென்னையிலிருந்தே வர வேண்டும். நோயாளிகளும் இங்கே இருக்கிறார்கள், வல்லுநர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூளைத் தமனியில் ஸ்டென்ட் வைக்க நாள் குறித்திருந்தால், மருத்துவரிடம் மரியாதையோடு கேளுங்கள்: "இந்த மாத்திரை இவருக்கு வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா, டாக்டர்?" போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், கேஸ் மாத்திரையும் மூட்டுவலி மாத்திரையும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மரபணுச் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையை ஆதார் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அது ஆயுளுக்கும் மாறாது. நாளை இதயத்துக்கே ஸ்டென்ட் தேவைப்பட்டாலும் அதே அறிக்கை பயன்படும்.